ரேடியோவின் அம்மாவுக்கு

செப்டம்பர் 4, வெள்ளி

முதல் வகுப்புக் குடும்பங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

முதல் வாரம் நல்லபடியாக முடிந்தது. அழுத குழந்தைகள் எல்லாம் செவ்வாய்க்கிழமையே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அப்பாக்கள் இரண்டு பேரும் இதற்குள் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி வெள்ளிக்கிழமை தோறும் பையில் இப்படி ஒரு தாள் வரும். "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று நீங்கள் கேட்பீர்கள். "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். அந்த ஒண்ணுமில்லைக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லத்தான் இந்தத் தாள்.

காலையில் கதவில் மூன்று படங்கள் இருக்கும்: கைகுலுக்கல், கையசைப்பு, கைத்தட்டு. குழந்தை எதைத் தொடுகிறதோ அப்படியே வரவேற்பேன். அடுத்து வருகைப் பதிவு. பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் டீச்சர்" என்று கூரை அதிரச் சொல்வார்கள். பிறகு வேலைப் பலகை. ஒருவருக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை, ஒருவருக்குப் பென்சில் சீவும் வேலை, ஒருவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்ளும் வேலை. சாப்பாட்டுக்கு முன் கதை நேரம். கம்பளத்தில் உட்காருவதால் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். கம்பளத்தில் இரண்டு பேர் ஓயாமல் பேசினால் பிரித்து உட்கார வைப்பேன். அது தண்டனை இல்லை, இடமாற்றம்தான். வீட்டுக்கு வந்து புகார் சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வாரம் 'அ' முதல் 'ஊ' வரை எழுதினோம். சட்டைப் பொத்தான்களை வைத்துப் பத்து வரை எண்ணினோம். ஒரு பொத்தான் ஒருவர் மூக்குக்குள் போய் வெளியே வந்தது. எல்லோரும் நலம்.

பதில் எழுத நினைப்பவர்கள் தயங்காமல் எழுதி, பையில் வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
முதல் வகுப்பு டீச்சர்

பி.கு. (உங்களுக்கு மட்டும்): உங்கள் மகள் நன்றாகக் கவனிக்கிறாள்.


செப்டம்பர் 28, திங்கள்

டீச்சருக்கு வணக்கம்.

வெள்ளிக்கு வெள்ளி உங்கள் தாள் தவறாமல் வருகிறது. அடியில் "நன்றாகக் கவனிக்கிறாள்" என்ற வரியும் தவறாமல் வருகிறது. நான்தான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். விடிவதற்குள் வண்டியை எடுத்தாக வேண்டும். மகளைப் பள்ளியில் கொண்டுவந்து விடுவது அவள் அப்பா. சாவிக்கடை வைத்திருக்கிறார். வாசலில் உங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போவாரே, அவரேதான். அவர் வாயிலிருந்து பேச்சு வர வேண்டுமென்றால் ஒரு பூட்டாவது கெட்டுப்போயிருக்க வேண்டும். அதனால் பள்ளிச் செய்தி எனக்கு இரண்டே வழியில்தான் வருகிறது. ஒன்று உங்கள் தாள், இன்னொன்று எங்கள் வீட்டு ரேடியோ.

ரேடியோ என்றால் உங்கள் மாணவிதான். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறோம். கண்ணைத் திறந்ததும் ஆரம்பித்தால் தூங்கும் வரை நிற்காது. தினமும் மாலையில் எங்கள் வாசலில் பள்ளிக்கூடம் நடக்கிறது, தெரியுமா? மாணவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுச் செருப்புகள். வரிசையில் நிறுத்தி வருகைப் பதிவு எடுக்கிறாள். இடுப்பில் கை, உங்கள் குரல், "கண்ணுகளா, காது எங்கே இருக்கு?" எல்லாம் அச்சு அசல். குளியலறைச் செருப்பு எப்போதும் தண்ணீர் சிந்துகிற பையன். அப்பாவின் வார் அறுந்த செருப்பு, பல் விழுந்த பையன். என் டூட்டி பூட்ஸ்தான் தலைமையாசிரியை. அதற்கு மட்டும் தனி மரியாதை. போன வாரம் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு காலைக் காணோம். அவளை எழுப்பிக் கேட்டால் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள், "தலைமையாசிரியை மீட்டிங் போயிருக்காங்கம்மா." மீட்டிங் பால்கனியில் நடந்திருக்கிறது. அன்று முதல் ட்ரிப்பே தாமதம்.

இவ்வளவு பேசுகிறவளால் உங்களுக்குத் தொல்லை இல்லையே? அதிகம் பேசினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கண்டிக்கிறேன்.

இப்படிக்கு,
ரேடியோவின் அம்மா


செப்டம்பர் 30, புதன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பையில் இருக்கும் பெயரை மறுபடி சரிபார்த்தேன். வேறு யார் வீட்டுக் கடிதமோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

இதை நேரில் சொல்ல வேண்டும். உங்கள் வேலை நேரத்துக்கு அது நடக்காது என்பதால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் மகள் வகுப்பில் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. வருகைப் பதிவில் கையைத் தூக்குவாள். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைக் காட்டுவாள். காலையில் கையசைப்புப் படத்தைத்தான் தொடுவாள். பயந்து சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். ஓடுகிறாள், விளையாடுகிறாள், சிரிக்கிறாள். சிரிப்பில்கூடச் சத்தம் வராது, அவ்வளவுதான்.

புது இடம், பழகினால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். அதுவரை உங்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றுதான் "நன்றாகக் கவனிக்கிறாள்" என்று எழுதி வந்தேன். அது பொய் இல்லை. ஆனால் அது மட்டுமே உண்மையும் இல்லை.

இப்போது சொல்லியே ஆக வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அக்டோபர் 15 அன்று தலைமையாசிரியை வந்து ஒவ்வொரு குழந்தையும் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்பார். படித்துக் காட்டாத குழந்தையைத் திரும்பவும் பாலர் வகுப்பில் உட்கார வைப்பது இங்கே வழக்கம். படிக்கத் தெரிந்த குழந்தை அவள். கூடப் படிப்பவர்களை விட்டுவிட்டு அவள் கீழ் வகுப்புக்குப் போவதை என்னால் பார்க்க முடியாது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வர முடியுமா?

அன்புடன்,
டீச்சர்


அக்டோபர் 1, வியாழன்

மதிப்பிற்குரிய முதல் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

"நன்றாகக் கவனிக்கிறாள்" என்ற வரியை வெட்டி, என் வண்டியில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். டிப்போவில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இன்று அதைக் கிழித்துவிட்டேன்.

வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால், ஓட்டுகிறவள் பயப்படுவாளே என்று மெக்கானிக் "வண்டி நல்ல நிறம்" என்று எழுதி அனுப்புவாரா? அவள் என்னிடம் சொல்லவில்லை என்றால் அவள் குழந்தை. நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். அவள் அங்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளெல்லாம் நான் இங்கே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் ஆறவில்லை.

லீவு கிடைக்காது.

இப்படிக்கு,
மாணவியின் தாய்


அக்டோபர் 2, வெள்ளி

அன்புள்ள அம்மாவுக்கு,

எல்லோருக்குமான தாள் தனியாகப் பையில் இருக்கிறது. இது உங்களுக்கு மட்டும்.

நீங்கள் கோபப்பட்டது நியாயம். அந்த பிரேக் வரி சுருக்கென்று தைத்தது. மன்னித்துவிடுங்கள். இனிமேல் சர்க்கரை தடவாமல், கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த வாரத்தில் பார்த்தது: செவ்வாய் அன்று, பல் விழுந்த பையனின் டப்பா கவிழ்ந்து சாப்பாடு கொட்டியது. அவன் அழுவதற்கு முன்பே தன் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்துவிட்டாள். புதன் அன்று, பொத்தான் எண்ணும்போது பக்கத்தில் இருந்தவள் ஏழை விட்டுவிட்டு எட்டுக்குப் போனாள். உங்கள் மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் பார்க்கும் குழந்தையை நான் பார்த்ததில்லை. நான் பார்க்கும் குழந்தையை நீங்கள் பார்த்ததில்லை. கோபம் இருக்கட்டும். ஒரே ஓர் உதவி மட்டும் செய்யுங்கள். அந்தச் செருப்புகளிடம் அவள் என்னதான் பேசுகிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.

டீச்சர்


அக்டோபர் 4, ஞாயிறு

டீச்சருக்கு,

கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எழுத எழுதக் குறையும் என்று நினைக்கிறேன்.

நேற்று கதவுக்குப் பின்னால் நின்று, மூச்சு விடாமல் முழு வகுப்பையும் கேட்டேன். குளியலறைச் செருப்புக்கு வழக்கம்போல் திட்டு. வார் அறுந்த செருப்புக்குப் பாராட்டு. கடைசியில் அவளுடைய சின்னச் சிவப்புச் செருப்பின் முறை வந்தது. உங்கள் குரலில் கேட்டாள்: "நீ ஏன்மா உள்ளேன் டீச்சர் சொல்ல மாட்டேங்கிற?" பிறகு சிவப்புச் செருப்புக்காக, குரலைச் சுருக்கிக்கொண்டு அவளே பதில் சொன்னாள்: "தப்பா சொல்லிட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க டீச்சர்." உடனே மறுபடி உங்கள் குரல்: "சரி, நீ வீட்டுலயே பழகிட்டு வா. ஒண்ணும் அவசரமில்ல."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அவள் விளையாட்டில் வரும் டீச்சருக்குக் கோபமே வருவதில்லை. உங்களைப் பார்த்துத்தானே பழகியிருக்கிறாள்? என் கோபம் அங்கேதான் பாதி இறங்கியது.

அவள் அப்பாவிடம் சொன்னேன். சாவியை அரத்தால் ராவிக்கொண்டே, "நானும் ஸ்கூல்ல இப்படித்தான் இருந்தேன்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல் பேசிய பெரிய வாக்கியம் அது. "அப்புறம் எப்போ பேச ஆரம்பிச்சீங்க?" என்று ஆவலாகக் கேட்டேன். "இன்னும் முழுசா ஆரம்பிக்கலையே" என்றார். நல்ல குடும்பத்தில் வந்து மாட்டினேன்.

எனக்கு ஒரு யோசனை. சிரிக்கக் கூடாது. உங்கள் வகுப்பு அலமாரியிலும் அத்தனை செருப்புகள் சும்மாதானே கிடக்கின்றன?

ரேடியோவின் அம்மா


அக்டோபர் 9, வெள்ளி

ரேடியோவின் அம்மாவுக்கு,

சிரிக்கவில்லை. திங்கட்கிழமையே வேலைப் பலகையில் ஒரு புது அட்டை மாட்டிவிட்டேன்: செருப்பு அலமாரிப் பொறுப்பு. யாருக்கு வேண்டும் என்று கேட்டதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு கை மேலே போனது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் மௌனமாக அடுக்கினாள். இடதுக்கு இடது, வலதுக்கு வலது, சேறு இருந்தால் தட்டி. புதன் அன்று நான் புத்தகப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அலமாரிப் பக்கம் கிசுகிசுவென்று சத்தம். "தள்ளாதே. வரிசையா நில்லு. உனக்கு லேஸ் கட்டத் தெரியாதா, பரவாயில்ல, நாளைக்குக் கத்துக்கலாம்." உங்கள் மகளின் குரல் நான் நினைத்ததைவிடக் கட்டைக் குரல்! இத்தனை நாள் மெல்லிய குரலாகவே கற்பனை செய்து வைத்திருந்தேன். கால் மரத்துப்போனது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நின்றுவிடுமே.

நேற்றும் இன்றும்கூட அதேபோல் நடந்தது. ஆனால் யாராவது நெருங்கினால் சட்டென்று வாய் மூடிவிடுகிறது. தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, பெட்டிக்குப் பின்னால் இருந்து கேட்கிறீர்களா என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒளிஞ்சு விளையாடற வயசா எனக்கு?" என்று கேட்டார். அவர் நல்லவர்தான். கண்ணெதிரே படிப்பதைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார். தேதியையும் தள்ளிப்போட மாட்டார்.

கேட்கவே தயக்கமாக இருக்கிறது. வீட்டில் அவள் செருப்புகளுக்குக் கதை படித்துக் காட்டும்போது, அவளுக்குத் தெரியாமல் உங்கள் போனில் பதிவு செய்து தர முடியுமா? அதையாவது போட்டுக் காட்டலாம்.

அன்புடன்,
டீச்சர்


அக்டோபர் 12, திங்கள்

டீச்சருக்கு வணக்கம்.

பதிவு செய்ய மாட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் செருப்புகளை நம்பித்தான் அவள் பேசுகிறாள். ஒட்டுக்கேட்டதே எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. அதை எடுத்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டினேன் என்று தெரிந்தால் வீட்டிலும் வாயை மூடிவிடுவாள். பாலர் வகுப்புக்கு அனுப்புவதானால் அனுப்பட்டும். எங்கள் ரேடியோ எங்களுக்கு வேண்டும். இப்படி வீராப்பாக எழுதிவிட்டேனே தவிர, இந்தத் தாளை இரண்டு முறை கிழிக்கப் போய்விட்டேன்.

அவளிடம் வியாழக்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அலமாரி வேலையைப் பற்றி அவளே சொன்னாள். "அங்க நிறைய பேர்மா, சமாளிக்கவே முடியல" என்று பெருமூச்சு வேறு.

வியாழன் அன்று பத்து மணிக்குக் கிளம்பும் ட்ரிப் பதினோரு மணி வாக்கில் உங்கள் பள்ளிச் சுவரை ஒட்டித்தான் போகும். அது ஹார்ன் அடிக்கக் கூடாத இடம். அடிக்க மாட்டேன். மனதுக்குள் அடித்துக்கொள்கிறேன்.

ரேடியோவின் அம்மா


அக்டோபர் 15, வியாழன்

ரேடியோவின் அம்மாவுக்கு,

பள்ளி விட்டதும் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல செய்திதான், பயப்படாதீர்கள்.

தலைமையாசிரியை சரியாகப் பத்து மணிக்கு வந்தார். எல்லோரையும்போல் தன் கறுப்புச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகப் படித்தார்கள். செருப்புகளை எடுத்து வைத்துவிட்டு உங்கள் மகளும் வந்து உட்கார்ந்தாள். அவள் முறை வந்தது. வாத்துக் கதையைத் திறந்து வைத்தாள். விரலை முதல் சொல்லில் வைத்தாள். அவ்வளவுதான். தலைமையாசிரியை காத்திருந்தார். நான் காத்திருந்தேன். வகுப்பே காத்திருந்தது. வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியை அவள் தலையைத் தடவி, "பரவாயில்லம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அலமாரிக்குப் போனவர் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். "என் செருப்பு எங்கே? ஒண்ணுதான் இருக்கு" என்றார். ஒரு கால் மேல் தட்டின் இந்தக் கோடியில் இருந்தது. இன்னொன்று கீழ்த் தட்டின் அந்தக் கோடியில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஒரு கட்டைக் குரல்:

"ரெண்டும் பேசிக்கிட்டே இருந்துச்சு. அதான் பிரிச்சு உட்கார வெச்சேன்."

பல் விழுந்த பையன் "ஐயோ, பேசிட்டா!" என்று கிசுகிசுத்தான். நான் அவனை முறைத்த முறைப்பில் அவனுக்கு இன்னொரு பல்லும் விழுந்திருக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அதுதான் நடந்தது. எனக்கு உயிரே இல்லை. அவளோ யாரையும் பார்க்கவில்லை. தன் அலமாரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுப்பில் இருப்பவளாயிற்றே.

தலைமையாசிரியை வெறுங்காலோடு நின்றபடி, கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார்: "அப்படியா? மன்னிச்சுக்கோம்மா. என்ன பேசிச்சுங்க?"

"காது குடுத்துக் கேட்கல. அமைதியா இருந்தா கதை படிச்சுக் காட்டறேன்னு சொன்னேன்."

"இப்போ ரெண்டும் அமைதியாத்தானே இருக்கு?"

உங்கள் மகள் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்தாள். அலமாரி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாத்துக் கதையை முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். முதுகு எங்கள் பக்கம், முகம் செருப்புகள் பக்கம். ஓரிடத்தில் தடுமாறி, திரும்ப அந்த வரிக்குப் போய்ச் சரியாகப் படித்தாள். தலைமையாசிரியை கதை முடியும்வரை வெறுங்காலில் நின்றார். வெளியே போகும்போது கையெழுத்துப் போட்ட தாளை என்னிடம் தந்து, "செருப்பைப் பார்த்துப் படிக்கக் கூடாதுன்னு விதிமுறையில எங்கயும் இல்ல" என்றார். உங்கள் மகள் முதல் வகுப்பிலேயேதான் இருக்கிறாள்.

ஒரு கேள்வி. அவள் படித்து முடித்த நேரத்தில் சுவருக்கு வெளியே நீளமாக ஒரு ஹார்ன் சத்தம் கேட்டது. அது நீங்கள் இல்லையே?

அன்புடன்,
டீச்சர்


அக்டோபர் 19, திங்கள்

டீச்சருக்கு,

கடிதத்தை டிப்போவில் உரக்கப் படித்தேன். கண்டக்டர் அழுதுவிட்டார். அவர் எதற்கும் அழுவார், ஆனாலும் அழுதார். உங்களை வாய்க்கு வந்தபடி பேசியதற்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் மீது இனி துளிக் கோபம் இல்லை.

அவள் அப்பாவிடம் சொன்னதும் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, தன் செருப்பைக் கழற்றி வாசலில் அவள் வரிசையிலேயே வைத்தார்.

ஹார்ன் எந்த வண்டியோ, எனக்குத் தெரியாது. அபராதம் எனக்குத்தான் வந்திருக்கிறது.

ரேடியோவின் அம்மா


நவம்பர் 6, வெள்ளி

மதிப்பிற்குரிய தாயாருக்கு,

இது முறைப்படி எழுதும் புகார்.

தங்கள் மகள் முதலில் வருகைப் பதிவில் மட்டும் பேசினாள். சரி என்று விட்டேன். பிறகு பல் விழுந்த பையனிடம் பேசினாள். பிறகு அந்த வரிசை முழுவதோடும். இந்த வாரம் மௌன வாசிப்பு நேரத்தில், வாத்து ஏன் செருப்பு போடுவதில்லை என்று நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இன்று அவளையும் அந்தப் பையனையும் பிரித்து உட்கார வைத்தேன். இது தண்டனை இல்லை, இடமாற்றம்தான். வீட்டுக்கு வந்து புகார் சொன்னால் நம்பாதீர்கள்.

கண்டிப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கண்டிக்கவும்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு டீச்சர்

பி.கு. (உங்களுக்கு மட்டும்): உங்கள் மகள் இப்போதெல்லாம் சரியாகக் கவனிப்பதில்லை.


நவம்பர் 9, திங்கள்

டீச்சருக்கு வணக்கம்.

புகார் கிடைத்தது. கண்டிக்கும் பொறுப்பை அவள் அப்பாவிடம் ஒப்படைத்தேன். அவளை எதிரே உட்கார வைத்து, தலையை இரண்டு முறை கண்டிப்பாக ஆட்டினார். அதற்குப் பதிலாக அவள் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தாள். கேட்டு முடித்துவிட்டு, "சரிதானே அவ சொல்றது" என்று என்னிடம் சொல்கிறார்.

உங்கள் பி.கு.வை வெட்டி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். டிப்போவில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது.

ரேடியோவின் அம்மா